என் மனைவியின் புருஷனுக்கு வாங்கிய சாராயம்

உயிரோடு இருப்பவனோடு போட்டி போட்டால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்காவது ஜெயித்துவிடலாம். அவனும் தப்பு செய்வான், வாய் தவறி உளறுவான், வயதானால் தொந்தி போடுவான். செத்தவரோடு அப்படி முடியாது. அவர் புதிதாக ஒரு தப்பும் செய்யமாட்டார். செய்த பழைய தப்புகளையும் ஜனங்கள் மறந்திருப்பார்கள். கல்யாணமான வாரமே எனக்கு இது தெரிந்துவிட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பம்பாய் தாராவியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் ஒரு கூட்டம் ஆம்பிளைகள், எல்லோரும் சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள், ஒரே அறையில் ஷிப்டு வைத்துத் தூங்குவோம். நான் எழுந்த பாயில் இன்னொருத்தன் வந்து படுப்பான். பாய் ஆறுவதே இல்லை. அத்தனை பேருக்கு நடுவே இருந்தும் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாய் கஞ்சி கொடுக்க ஆள் கிடையாது. அதனால்தான் கல்யாணம் செய்துகொண்டேன். காதல் கீதல் என்று நான் கதை விடப்போவதில்லை.

சொர்ணம் புருஷனை இழந்தவள். எங்கள் பக்கம் அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு. தாலியறுத்தவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டால் ஊர் ஒன்றும் சொல்லாது. அவளுக்கு ஓர் அக்காள், பேச்சி. எனக்கு மதினி முறை. அவள்தான் பேசி முடித்தாள். கோயிலில் தாலி கட்டிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு, சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் இருந்த சொர்ணத்தின் அறைக்குக் குடிபோனேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார்.

முத்தையா அண்ணாச்சி. (போட்டிக்காரனை அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டிய தலையெழுத்து எனக்கு.) மழைக்காலத்தில் ஏதோ விஷக் காய்ச்சல் வந்து போனவர். சுவரில் மாலையோடு தொங்கினார். ஜன்னலுக்குக் கீழே காற்று வருகிற இடம் அவருடையது. அங்கே நான் படுக்கக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை, ஆனால் என் பாய் எப்போதும் கதவோரமாகத்தான் விரிக்கப்பட்டிருக்கும். டீயில் அவருக்குப் பிடித்த அளவுக்குச் சர்க்கரை விழும். நாக்கு ஒட்டிக்கொள்ளும், குடிப்பேன். விளக்கேற்றிய பிறகு சொர்ணம் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அன்றைய சேதியெல்லாம் சொல்லுவாள். குழாயடிச் சண்டை, ரேஷன் அரிசியில் கல், எல்லாம். என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

“சோறு வைக்கட்டா?”

ஜன்னல் தானாகத் திறந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். பால் பொங்கி வழிந்தால் அண்ணாச்சிக்கு ஏதோ மனக்குறை என்று நினைப்பேன். மேலே பார்ப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். தலையில் எண்ணெய் வழிய வாரி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, அப்படி ஒரு யோக்கியமான முகம். ‘அவரு ஒரு கெட்ட பழக்கம் இல்லாதவரு’ என்று சொர்ணம் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நானும் இல்லாதவன்தான். ஆனால் உயிரோடு இருப்பவனுக்கு அதற்கெல்லாம் மார்க் கிடையாது. ஆம்பிளைகள் அறையில் இருந்தபோது தனியாக இருந்தேன். இந்த அறையில் மூன்று பேராக இருந்தோம், அதைவிடத் தனியாக இருந்தேன்.

அறுத்துக்கட்டுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. கல்யாணம் கழிந்து வருகிற முதல் அமாவாசைக்கு, புதுப் புருஷன் தன் கையால் பழைய புருஷனுக்கு இலை போட்டுப் படைக்க வேண்டும். காக்கா வந்து எடுத்தால் அவர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் அவருக்கு இஷ்டமில்லை. அப்படி ஆனால் தங்கச்சியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று பேச்சி மதினி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிற பேர்வழி இல்லை அவள். படைக்கும்போது பெண்டாட்டிக்காரி வெளியே தலைகாட்டக்கூடாது. அவள் முகத்தைப் பார்த்தால் போனவருக்குப் போக மனசு வராதாம்.

மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்கி வந்தேன். சொர்ணம் அவியல், பருப்புவடை, பாயாசம் எல்லாம் செய்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். குளிப்பறைத் தகரக்கூரையில் இலையை விரித்துப் பரிமாறி, கா கா என்று கூப்பிட்டேன். சால் முழுக்க வேடிக்கை பார்த்தது.

தாராவிக் காக்காயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோல் பட்டறைக் கழிவைத் தின்னும், சோப்பைத் தின்னும், பழைய செருப்பைக்கூட ருசி பார்க்கும். அப்பேர்ப்பட்ட காக்கா என் இலையை எட்டிப் பார்த்துவிட்டுத் தந்திக் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை கட்டிப்போனது. வெயில் ஏறியது. வேடிக்கை பார்த்தவர்கள் ‘ச்சூ ச்சூ’ என்று எனக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்தார்கள்.

அப்போது பேச்சி மதினிக்கு அருள் வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்தது, கண் மேலே சொருகியது, குரல் ஆம்பிளைக் குரலானது. முத்தையா அண்ணாச்சி இறங்கிவிட்டார்.

“ஏலே, எனக்குப் பிடிச்சத வைக்கலியேலே. தொண்ட காயுதுலே எனக்கு.”

என்ன வேண்டும் என்று கைகட்டிக் கேட்டேன். சாராயம் என்றார்.

எங்கள் பக்கம் இறங்குகிற ஆவி எதுவும் மோர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. எல்லா ஆவியும் சாராயம் கேட்கும், சுருட்டு கேட்கும். மதினியும் கேட்டுப் பழகியதைத்தான் சொல்லியிருக்கிறாள். இந்த அறிவு எனக்குப் பிற்பாடு வந்தது. அன்றைக்கு வந்தது சந்தோஷம், சொல்லமுடியாத சந்தோஷம். யோக்கியர் குடித்திருக்கிறார். கழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு குடித்திருக்கிறார். கதவைத் தட்டி சொர்ணத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு அவர் படத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று ஓடினேன்.

பம்பாயில் அப்போது மதுவிலக்கு. சாராயம் வேண்டுமென்றால் மாகிம் கழிமுகத்தை ஒட்டி, ஆன்ட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஓர் அம்மாளின் குடிசைக்குப் போகவேண்டும். குடிக்கிறவன் உட்கார்ந்து குடிப்பான். கொண்டுபோகிறவனுக்குச் சைக்கிள் டியூப். டியூப்புக்குள் ஊற்றி இரண்டு முனையையும் சணலால் கட்டி, சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். ‘நேராகப் பார்த்து நட, குனியாதே’ என்று புத்தி சொன்னாள். நடந்தேன். நிறைமாத கர்ப்பிணி மாதிரி நடந்தேன்.

பாதி வழியில் ஒரு முனையின் சணல் நழுவியது. குளுகுளுவென்று தொடை வழியாக இறங்கி, கால்சட்டை நனைந்து, செருப்பில் சளக் சளக் என்று சத்தம் வந்தது. எதிரே ஒரு போலீஸ் ஹவல்தார். முதலில் என் கால்சட்டையைப் பார்த்து, ஐயோ பாவம், அடக்க முடியவில்லை போலிருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு காற்று அவர் பக்கம் அடித்தது.

காலரைப் பிடித்தார். இந்தியில் யாருக்கு என்று கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த இந்தி, லேத் பட்டறை இந்தி. ஆனாலும் உண்மையைத்தான் சொன்னேன்.

“மேரா அவுரத் கா ஆத்மி கே வாஸ்தே.” (என் பெண்டாட்டியோட புருஷனுக்கு.)

அவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“தோ தூ கோன்?” (அப்ப நீ யாரு?)

நானும் அவளுடைய புருஷன்தான் என்றேன். ஒருவர் செத்துவிட்டார் என்றேன். செத்தவன் எப்படிக் குடிப்பான் என்றார். படையலை இந்தியில் எப்படிச் சொல்வது? வானத்தைக் காட்டினேன், இலை போடுகிற மாதிரி செய்தேன், கா கா என்று நடுரோட்டில் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அழுகிற குரலில் ‘கவ்வா நஹீ காயா’ என்றேன். காக்கா சாப்பிடவில்லை.

அவர் முகம் மாறியது. அவர் ரத்னகிரிப் பக்கத்து மராட்டியர். அவர்களிடமும் அதே வழக்கம். பிண்டத்தைக் காக்கா தொடவில்லையென்றால் போனவருக்கு ஏதோ ஆசை நிறைவேறவில்லை என்று அர்த்தம். அவர் அப்பாவுக்கு வைத்த பிண்டத்தைக் காக்கா சாயங்காலம் வரை தொடவே இல்லையாம். தங்கச்சிக்கு நாங்கள் கல்யாணம் செய்து வைக்கிறோம் என்று அண்ணன் தம்பி சத்தியம் செய்த பிறகுதான் தொட்டதாம். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, செத்தவன் நிஜமாகவே குடிப்பவனா என்று அவன் பெண்டாட்டியிடம் கேட்பேன், ஆமென்றால் விடுவேன், இல்லையென்றால் லாக்கப் என்றார். சட்டம் சட்டம்தான்.

அப்படியாக, சொட்டச் சொட்ட, பின்னால் தாராவியில் பாதியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தேன்.

கதவைத் தட்டியதும் சொர்ணம் வெளியே வந்தாள். படைக்கும்போது தலைகாட்டக்கூடாது என்பதெல்லாம் போலீசுக்குத் தெரியுமா? ஹவல்தார் கேட்டார். உன் முதல் புருஷன் குடிப்பானா?

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்ற பதில் அவள் உதட்டு வரைக்கும் வந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் குடித்ததே இல்லை. இந்த மடையன் எதையோ நம்பி ஓடியிருக்கிறான் என்று அந்த முகம் சொன்னது. அவள் என் நனைந்த கால்சட்டையைப் பார்த்தாள், இடுப்பில் தொங்கிய டியூப்பைப் பார்த்தாள், என் காலரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். உள்ளே திரும்பிச் சுவரை ஒரு தடவை பார்த்தாள்.

“பீதா தா” என்றாள். குடிப்பார். பிறகு, சந்தேகம் வரக்கூடாது என்றோ என்னவோ, “பஹுத் பீதா தா” என்றும் சேர்த்துக்கொண்டாள். நிறையக் குடிப்பார்.

பேச்சி மதினி வாயைத் திறந்து, திறந்த வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஹவல்தாரே டியூப்பில் மிஞ்சியிருந்ததை டம்ளரில் பிழிந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். தந்திக் கம்பியிலிருந்து காக்கா இறங்கியது. டம்ளரை ஏறிட்டும் பார்க்கவில்லை, பருப்புவடையை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது. சால் முழுக்க ஆ என்றது. ஹவல்தார் சாட்சிக்கென்று டியூப்பை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் நான் மெதுவாக, அவர் குடித்ததே இல்லைதானே, பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஆரம்பித்தேன். சொர்ணம் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏங்க, கள்ளு வாட பட்டாலே வாந்தி எடுப்பிய. உங்க மேல ஊரறியப் பழி போட்டுட்டேன். நீங்க போய்ச் சேந்துட்டிய, உங்கள இனி ஒருத்தனும் ஒண்ணுஞ் செய்ய முடியாது. இவர இழுத்துட்டுப் போயிருவான்லா. மன்னிச்சிக்கோங்க.”

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, என்னை ‘இவர்’ என்று ஒருத்தி சொல்லிக் கேட்டதில் பாதி. அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அவள் அண்ணாச்சியிடம் சேதி சொன்னபோது என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

முத்தையா அண்ணாச்சியின் பெயர்தான் போயே போய்விட்டது. சாலில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவரோடு உட்கார்ந்து குடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ‘முத்தையாவா, நம்ம கிளாசுல்லா வாங்கிக் குடிப்பான்’ என்று ஒருவர் சத்தியமே செய்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அவர் குடிக்கமாட்டார், நல்ல மனுஷர், வாயில் வைத்ததில்லை என்று டீக்கடை டீக்கடையாகச் சண்டை போட்டிருக்கிறேன். யாரைப் பொறாமையோடு நான் பார்த்துக்கொண்டிருந்தேனோ அவருக்காக உலகத்தில் வாதாட நான் ஒருத்தன்தான் மிச்சம். யாரும் நம்பியதில்லை.

வீட்டில் இது தீராத வேடிக்கையாகிவிட்டது. என் மகள் வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது செம்பூரில் இருக்கிறாள். பிள்ளைகளோடு அவள் வந்திருக்கும்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினால் அவளும் பேரப்பிள்ளைகளும் ஒரே குரலில், “யாருக்கு? பெண்டாட்டியோட புருஷனுக்கா?” என்பார்கள். பேரப்பிள்ளைகள் அதை இந்தியில் நான் சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டுவார்கள். சொர்ணம் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

கடைசியில் அவள் படுக்கையில் விழுந்தபோது ஒரு மத்தியானம் என்னிடம் கேட்டாள், “அங்க போனா அவரு கேப்பாருல்லா, எதுக்கு எம்மேல பொய் சொன்னேன்னு? நான் என்ன சொல்லட்டும்?”

தப்பு என்னுடையது, நான் வந்து அவரிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன், அதுவரை பொறுக்கச் சொல் என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா வாங்க.”

இப்போது சுவரில் இரண்டு படம். விளக்கேற்றியதும் இரண்டுக்கும் முன்னால் உட்கார்ந்து அன்றைய சேதியைச் சொல்கிறேன். சொல்ல அதிகம் இருப்பதில்லை. மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.