நாலாம் மாடி வாசலில் ஆறு பூனைகள்

யாழ்ப்பாணம்,
நாலாம் மாடி, வலப்பக்க வீடு.
ஞாயிறு காலை.

அன்பும் மதிப்பும் மிக்க வீட்டுக்காரத் தம்பி லெனாட்டுக்கு,

சந்நிதி முருகன் புண்ணியத்தில் நானும் குணலட்சுமியும் சுகம். நீங்கள் கும்பிடும் மாதாவும் உங்களையும் பிள்ளைகளையும் நோர்வேக் குளிரில் பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். முதலில் நன்றி. உரும்பிராயிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் ஓட்டோவில் குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த என் மனைவி, உங்கள் புது வீட்டுக்குக் குடிவந்த மூன்று மாதத்தில், சத்திரசிகிச்சை செய்த காலை ஊன்றிக் குசினி அடுப்படிவரைக்கும் தானாக நடக்கிறாள். லிப்ட் இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது, ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உங்களை நாங்கள் உயிருள்ளவரை மறக்கமாட்டோம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேனென்றால், இந்த மாத முடிவோடு நாங்கள் வீட்டை விடுகிறோம். வீட்டில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க என்னுடைய வாயில்.

நடந்ததைச் சொல்கிறேன். வந்த முதல் நாள் பின்னேரம் குசினிக் குழாயைத் திறந்தேன். புதுக் குழாய், கையோடு கழன்று வந்துவிட்டது. தண்ணீர் முகட்டுக்கு அடிக்கிறது, எங்கே பூட்டுவதென்று எனக்குத் தெரியாது, குணலட்சுமி காலை நீட்டியபடி கதிரையில் இருந்து "ஐயோ, என்னைத் தூக்குங்கோ" என்கிறாள், நான் குழாயைத் திரும்ப ஓட்டைக்குள் செருகிப் பார்க்கிறேன், அந்த நேரம் எதிர்வீட்டுக் கத்தரீனா வந்தார். குருநகர்க்காரி, கணவர் செபநாயகம் கடல்தொழிலை விட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். புதிதாய் வந்தவர்களுக்கென்று மூடிய தட்டொன்றை ஏந்திக்கொண்டு வந்த மனுசி, தட்டை மேசையில் வைத்துவிட்டு, வெளியே போய்த் தண்ணீரைப் பூட்டி, குணலட்சுமியைத் தாங்கிக் கட்டிலில் விட்டு, வீடு முழுக்கத் துடைத்து, எங்களுக்குத் தேத்தண்ணியும் போட்டுத் தந்துவிட்டுத்தான் போனார். அவர் போனபிறகு தட்டைத் திறந்தால் விளைமீன் குழம்பு. தம்பி, நாங்கள் பரம்பரைச் சைவம். முட்டைகூட எங்கள் படலை தாண்டியதில்லை.

அடுத்தநாள் காலை லிப்டடியில் கேட்டார்.

"கறி எப்பிடி, அண்ணை?"

அவ்வளவு உதவி செய்த மனுசியிடம் சாப்பிடவில்லை என்று சொல்ல வாய் வருமா? "அந்தமாதிரி, தங்கச்சி!" என்றுவிட்டேன்.

அன்று பிடித்த சனி. அதன்பிறகு ஒரு நாள் றால், ஒரு நாள் நண்டு, ஒரு நாள் பெயர் தெரியாத ஏதோ கண் முழித்தபடி. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கமும் வழக்கமில்லை, அவர்கள் பக்கமும் வழக்கமில்லை. ஆகவே உரும்பிராய்த் தோட்டத்திலிருந்து என் தம்பி அனுப்புகிற கத்தரிக்காய், மரவள்ளி, முருங்கைக்காய் எல்லாம் கறியாகி எதிர்வீட்டுக்குப் போகும், உடனே அங்கிருந்து மீன் வரும். சோற்றைக் கொட்டினாலே குணலட்சுமிக்கு மனம் பொறுக்காது, மற்றவரின் கறியைக் கொட்டுவாளா? கீழே வாகனங்கள் விடுகிற இடத்தில் நின்ற ஒரு வெள்ளைப் பூனைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அது தன் இனசனத்துக்குச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் மாதம் ஆறு பூனை. நான் கொஞ்சம் பிந்தினால், ஆட்களோடு ஆட்களாக லிப்டில் ஏறி வந்து எங்கள் வாசலில் வரிசையாகக் குந்தியிருக்கும்.

போன வியாழன் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் வாகீசன் வந்தார். வாசலில் நின்றபடியே தொடங்கினார்.

"ஐயா, ஆறு பூனையும் நாலாம் மாடியிலைதான் இறங்குதுகள். வேறை மாடியிலை ஒண்டுகூட இறங்கேல்லை. இதுக்கு என்ன சொல்லுறியள்?"

உள்ளே இருந்து குணலட்சுமி உரத்த குரலில் சொன்னாள்.

"தம்பி, நாங்கள் மச்சம் தொடாத ஆக்கள். மீன் வாசமே எங்களுக்கு ஆகாது. எங்கடை வாசலிலை பூனைக்கு என்ன வேலை?"

எதிர்வீட்டுக் கதவு அரைவாசி திறந்திருந்தது. அது மெல்லச் சாத்துப்பட்டதை நான் என் கண்ணாலே கண்டேன்.

இன்றோடு மூன்று நாள். தட்டும் இல்லை, சத்தமும் இல்லை. போய் மன்னிப்புக் கேட்கலாமென்று அந்தக் கதவைத் தட்டக் கையை உயர்த்துவேன், பிறகு இறக்கிவிடுவேன். குணலட்சுமி அழுதுகொண்டிருக்கிறாள். "என்னைத் தாங்கிப் பிடிச்ச மனுசி. அவவின்ரை முகத்தை இனி எப்பிடிப் பாக்கிறது?" என்கிறாள். எனக்கும் வெட்கமாயிருக்கிறது, அதைவிடக் கவலையாயிருக்கிறது. ஆகவே உரும்பிராய்க்கே போய்விடுகிறோம், ஓட்டோவில் குலுங்குவது எங்களுக்குப் பழக்கம்தானே. ஒரேயொரு வேண்டுதல். அடுத்ததாக வீடு கொடுக்கும்போது நன்றாக மீன் சாப்பிடுகிற குடும்பமாகப் பார்த்துக் கொடுங்கள். கத்தரீனாவின் கைக்கு அதுதான் நியாயம்.

உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல், வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாமல் வாழ வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
நன்றி மறவாத,
அருளம்பலம்

பி.கு.: உங்களுக்கு அனுப்புவதற்காக இந்தக் கடிதத்தைப் படம்பிடித்துக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கத்தரீனா, கையில் தட்டு. மூன்று நாளும் மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தார்களாம். கதவைச் சாத்தினது பயணத்துக்குச் சாமான் அடுக்க. நான் ஒன்றும் மிச்சம் வைக்காமல் அவ்வளவையும் சொல்லிவிட்டேன். மனுசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"எனக்கு முதல் கிழமையே தெரியும், அண்ணை. தட்டைப் பிள்ளையின்ரை மூத்திரத் துணி மாதிரி எட்டப் பிடிச்சுக்கொண்டெல்லோ லிப்டுக்கை போனனீங்கள்."

"அப்ப ஏன் தங்கச்சி பிறகும் தந்தனீங்கள்?"

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆறு பேருக்குச் சமைச்ச கை, அண்ணை. நாலு பிள்ளையளும் வெளிநாடு. ரெண்டு பேருக்கு அளந்து சமைக்க எனக்கு இன்னும் வருகுதில்லை. சட்டியிலை மிஞ்சிக் கிடக்கிறதைப் பாத்தால் அண்டைக்கு முழுக்க நெஞ்சு அடைச்சுக்கொண்டிருக்கும். பூனையெண்டாலும் ஆரோ சாப்பிடுகினம்தானே."

பிறந்ததிலிருந்து மீன் தட்டில் விரல் பட்டிராத குணலட்சுமி, எழும்பி வந்து, தன் இரண்டு கையாலும் அந்தத் தட்டை வாங்கினாள்.

ஆகவே தம்பி, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் வாசியுங்கள். வீடு எங்களுக்கு வேண்டும். வாகீசனுக்கு மட்டும் நீங்கள்தான் ஒரு சொல் சொல்லவேண்டும். பூனைகள் குறைய வழியில்லை, கத்தரீனா நாளைக்குக் கணவாய்க் கறி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.