மூணு கோட்டின் சுவர்

ஓவியர் மூணு கோட்டின் சுவரைக் கெடுத்தவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கேமரன் மலை முழுக்கத் தேடினாலும் மனித மூக்கை அவரைப் போல் அலட்சியம் செய்த ஓவியர் கிடைக்கமாட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஆடுபவர்களை மட்டும்தான் வரைவார். ஆளுக்கு மூன்றே கரிக்கோடுகள். 'மூணு கோடு' என்ற பட்டப்பெயரும் அப்படித்தான் வந்தது. வரையும்போது தாளைப் பார்க்கவேமாட்டார். பார்வை ஆட்டத்தில் இருக்கும், இடுப்பும் கூடவே ஆடும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு இடி நிச்சயம்.

பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணம். மணப்பெண் ஆடியதை வரைந்து பரிசாகக் கொடுத்தார். பெண்ணின் அப்பா, முட்டைக்கோஸ் வியாபாரி, தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"என்னா அண்ணே, எம்மவ கை எங்க?"

"கை அப்பவே போயிருச்சு லா. இது போன வழி."

ஒரு பொங்கலுக்குத் தோட்ட மண்டபச் சுவரில் மூன்று பெண்கள் கும்மியடிப்பதை வரைந்தார். மொத்தம் ஒன்பது கோடுகள். நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, மண்டபத்துக்குச் செயலாளரும்கூட. தோட்டத்து மேனேஜர் துரை வந்து, படம் ஏன் முடியவில்லை என்று கேட்டால்? மூணு கோடு லீவில் ஈப்போ போன நேரம் பார்த்து, போர்டு எழுதுபவரைக் கூட்டிவந்து கண், மூக்கு, ஜிமிக்கி, கொலுசு எல்லாம் போடவைத்தேன். மூவரும் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர்கள் மாதிரி விழித்தார்கள்.

மூணு கோடு திரும்பி வந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு கிராணி. மூணு பேரும் ஆட்டத்த நிறுத்திட்டாங்க."

அதன்பின் இரண்டு வருடம் அவர் கரியைத் தொடவில்லை. கல்யாணங்களில் தலைகுனிந்து சாப்பிட்டார், எழுந்து போனார். யாரையும் இடிக்கவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் நானே ஏணியில் ஏறி அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தேன். அவரை அழைத்துவந்து நிறுத்தினேன்.

"தப்பு என்னோடது, தம்பி. மன்னிச்சிரு. திரும்ப வரை."

"சும்மா எப்படி லா வரையிறது? யாராச்சும் ஆடணும்."

மண்டபத்தில் நாங்கள் இருவர்தான். எனக்கு வயது அறுபது; ஒரு முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன்.

"அப்படித்தான் கிராணி! இன்னும் சாயுங்க!"

"சாயல தம்பி, நெசமாவே விழுறேன்!"

விழுந்தேன். தரையில் கிடந்தபடியே, சுவரில் கரி உரசி ஓடும் சத்தத்தைக் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டே கோடுகள். சந்தேகமே இல்லை, நான்தான்.

"மூணாவது எங்க?"

"நீங்க இன்னும் எந்திரிக்கலையே!"

வாய்விட்டுச் சிரித்தபடி கை நீட்டித் தூக்கிவிட்டார். என் உள்ளங்கையெல்லாம் அவர் கைக் கரி. வீட்டுக்கு வந்தும் அன்று முழுவதும் அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.