மூக்கையா வீட்டுக் குழாய்: ஒரு செலவு ஆய்வு

சாக்கடையைக் கண்டுபிடித்தவர் யார் என்று சரித்திரத்தில் எழுதிவைக்கவில்லை. அது பெரிய குறைதான். ஆனால், ஒரு வீட்டுச் சாக்கடைக் குழாயை மாற்ற என்ன செலவாகும் என்பதை அடியும் நுனியுமாகப் 'புரிந்துகொள்ள' முயன்ற முதல் மனிதர் யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். அவர் இராமேஸ்வரத்தில் மணல்மேட்டுச் சந்தில் குடியிருந்த மூக்கையாதான். (வேறு யாராவது முந்தியிருந்தால் சரித்திரம் எழுதுகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம்.) மற்றவர்கள் குழாய் உடைந்தால் குழாயை மாற்றினார்கள். அற்ப மனிதர்கள்.

மூக்கையா பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, யாத்திரைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடலாம் என்று தீவுக்கு வந்து வீடு கட்டினார். அந்தச் சந்திலேயே முதன்முதலாக 'ஃப்ளஷ் அவுட்' கக்கூஸ் வைத்த வீடு அது. மேலே தொங்கும் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். விருந்தாளி வந்தால், காபி கொடுப்பதற்கு முன்பே மூக்கையா அந்தச் சங்கிலியை ஒருதரம் இழுத்துக் காட்டுவார்.

கொட்டிய தண்ணீர் முப்பதடி மண்குழாய் வழியாக, கிணற்றை ஒட்டிப் போய், கொல்லைக் கோடியில் உள்ள குழியில் விழும். அதாவது, விழ வேண்டும். கொல்லையில் நின்ற பூவரசு மரத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போய், அது தன் வேரைக் குழாய்க்குள் விட்டிருந்தது. மூன்று வருஷமாகச் சங்கிலியை இழுத்தால், போக வேண்டியது போகாமல் கொல்லையில் பொங்கி நின்றது.

நின்றதை அள்ளச் சின்னக்கருப்பன் இருந்தார். ஊர்த் தெருக்களைக் கூட்டி முடித்துவிட்டுக் காலையில் கொல்லை வாசல் வழியாக வருவார். வாளியில் அள்ளிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவார். கூலி என்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மிச்சச் சோறு உண்டு. தீபாவளிக்கு, மூக்கையா கட்டிக் கிழிந்த வேட்டி உண்டு. ஆகையால் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

குறை கண்டுபிடித்தவள் மனைவி சேதுலட்சுமி. நயினார்கோவிலில் கட்டிக்கொடுத்த மகள் பாண்டியம்மாளுக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் தாய்வீட்டுக்கு வரவேண்டும். கொண்டுவந்து விடுவதற்கு மாமியார் சோணையம்மாளே நேரில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

“கிணத்துத் தண்ணியக் கொஞ்சம் மோந்து பாருங்க. பச்சப்பிள்ளைய இந்தத் தண்ணியிலயா குளிப்பாட்டுறது? பிள்ளத்தாச்சி வாரதுக்குள்ள அந்தக் குழாயை மாத்திப்புடுங்க.”

“மாத்திருவோம். என்ன செலவாகும்?”

“எனக்கென்ன தெரியும்? கொத்தனாரக் கூப்பிட்டுக் கேளுங்க.”

“கேட்டா அவன் ஒரு தொகையச் சொல்லுவான். தொகை வேற, செலவு வேற. செலவப் புரிஞ்சுக்கிடாம ஒரு நயா பைசாகூட மடியில இருந்து எடுக்கப்படாது.”

அது இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அணை, உருக்காலை, உரத் தொழிற்சாலை என்று எதை எடுத்தாலும் முதலில் ஒரு குழு, பிறகு ஓர் அறிக்கை, பிறகு அந்த அறிக்கையை ஆராய இன்னொரு குழு. மூக்கையா தினமும் பத்திரிகையில் இவற்றை வரி விடாமல் வாசித்துக் கண்கலங்குவார். உருக்காலைக்கு ஒரு குழு உண்டென்றால் கக்கூஸுக்கு ஏன் இருக்கக் கூடாது? அவ்வாறே 'மூக்கையா இல்லக் கழிவுநீர்க் குழாய் மாற்றுச் செலவு ஆய்வுக் குழு' முன்கூடத்தில் உதயமாயிற்று. தலைவர், மூக்கையா. தொழில்நுட்ப உறுப்பினர், ஓய்வுபெற்ற ஓவர்சியர் வேதமுத்து. நிதி உறுப்பினர், சேதுலட்சுமியின் தம்பியும் மிளகாய்த் தரகருமான உக்கிரபாண்டி.

முதல் கூட்டத்தை வேதமுத்து தொண்டையைச் செருமித் தொடங்கிவைத்தார்.

“மொதல்ல, மாத்துறதுன்னா என்னங்கிறத வரையறுக்கணும்.”

“பழச எடுத்துப்போட்டுட்டுப் புதுச வைக்கிறதுங்க,” என்றாள் காபியோடு வந்த சேதுலட்சுமி.

வேதமுத்து பேனாவை நிறுத்தினார். “அம்மா உறுப்பினரா?”

“இல்லங்க. காபி,” என்றார் மூக்கையா.

“அப்ப அது குறிப்புல ஏறாது.”

ஏறவில்லை. வரையறை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் உக்கிரபாண்டி பொருளாதாரத்துக்குள் இறங்கினான்.

“ஓவர்சியரய்யா, புதுக் குழாய்க்கு ஆயுசு என்ன இருக்கும்?”

“நல்ல குழாய்னா அம்பது வருஷம்.”

“மச்சானுக்கு?”

மூக்கையா காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏலே மாப்ள, என்னலே பேசுற?”

“கோவிச்சுக்கிடாதீங்க மச்சான். ஒங்களுக்கு இப்பவே அம்பத்திரண்டு. மிச்சம் உள்ள வருஷத்துக் குழாய யாரோ அனுபவிக்கப்போறான். அவன் அனுபவிக்கிறதுக்கு நீங்க ஏன் காசு குடுக்கணும்? அதக் கழிச்சுல்ல விலை பேசணும்?”

மூக்கையாவுக்குப் புல்லரித்தது. கடைக்காரனிடம் இருபது வருஷத்துக் குழாயாகக் கிடைக்குமா என்று விசாரிப்பது என ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. விசாரிக்கப்பட்டது. கடைக்காரன் சொன்ன பதில் அறிக்கையில் சேர்க்கத் தக்கதாக இல்லை.

மூன்றாவது கூட்டம் ஏட்டுப் படிப்பை விட்டுக் களத்தில் இறங்கியது. மண்ணைத் தோண்ட என்ன செலவாகும் என்பது தோண்டிப் பார்த்தால்தானே புரியும்? ஆகவே குழாயை ஒட்டி ஓர் 'ஆய்வுப் பள்ளம்' எடுக்க இரண்டு கூலியாட்கள் வந்தார்கள். அவர்கள் தீவுக்காரர்கள். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் சரித்து வெட்ட ஆரம்பித்தார்கள்.

“என்னப்பா இது, தோசைச்சட்டி மாதிரி வெட்டுறீங்க?” என்றார் மூக்கையா. “சரிச்சு வெட்டுனா மண்ணு ரெண்டு மடங்கு. கூலி ரெண்டு மடங்கு. நேரா எறக்கு.”

“மணலுங்கய்யா. நிக்காது.”

“எங்க ஊர்ல ஆளு ஒசரத்துக்கு வெட்டுனாலும் சுவரு வச்ச மாதிரி நிக்கும், தெரியுமா?”

அவர் ஊர் கரிசல். கோடையில் கடப்பாரை போட்டாலும் பொறி பறக்கும். அந்தப் பெருமையை மூக்கையா எடுத்துச் சொன்ன விதத்தில் தீவு மணலுக்கே வெட்கம் வந்திருக்க வேண்டும். இடுப்பளவு ஆழம் வரைக்கும் அது மரியாதைக்கு நின்றது. பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒருதரம் வீசியது. பக்கச் சுவர் முழுதும் பொலபொலவென்று சரிய, அதுவரை வேரைக் கட்டிக்கொண்டு கீறலோடு கிடந்த குழாய், அடியில் பிடிமானம் இல்லாமல் கிணற்றுப் பக்கமாக மளுக்கென்று இரண்டாக முறிந்தது.

'குழாய் பழுதாக இருக்கலாம் என்ற ஐயம் இதன்மூலம் அறவே நீங்கியது' என்று வேதமுத்து குறிப்பெழுதினார்.

அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீருக்கு நாற்றத்தோடு நிறமும் வந்தது. சேதுலட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு யாகப்பம்மாளின் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தாள். யாகப்பம்மாள் கருவாடு விற்கிறவள். வாயும் கொஞ்சம் உப்புப் போட்டதுதான்.

“என்ன சேது, ஒங்க வீட்டுக்காரரு கொல்லையில பொதையல் தேடுறாராமே?”

“செலவத் தேடுறாருக்கா.”

“கெடச்சிருச்சா?”

“இன்னும் அறிக்கை வரல.”

“மக வந்துருவாளேடி!”

“அந்த வயித்துப்பிள்ளைக்கு நாள் தள்ளிவைக்கத் தெரிஞ்சா, அதையும் ஒரு உறுப்பினராப் போட்டிருப்பாரு,” என்றாள் சேதுலட்சுமி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். இறைத்த தண்ணீரை ஊற்ற ஊற்றக் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

அறிக்கையை முடிக்க ஒரே ஒரு விவரம்தான் பாக்கி இருந்தது. குழாயை மாற்றினால் ஆகும் செலவு தெரிந்துவிட்டது: குழாய், சிமெண்டு, கூலி எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினைந்து ரூபாய். மாற்றாமல் விட்டால் ஆகும் செலவு என்ன? மூக்கையா வேதமுத்துவோடு கொல்லைப் பக்கம் போய், முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு, வாளியோடு நின்ற சின்னக்கருப்பனைக் குழுவின் சார்பில் விசாரித்தார்.

“ஏலே சின்னக்கருப்பா, இந்த வேலையில ஒனக்கு என்ன செலவாகுது?”

“எனக்குங்களா அய்யா?” சின்னக்கருப்பன் யோசித்தார். அவரிடம் இதற்கு முன் யாரும் கணக்குக் கேட்டதில்லை. “சோப்புக்கட்டி ஒண்ணு ஆகுதுங்க.”

“சோப்பா? எதுக்கு?”

“மவன் பள்ளிக்கூடம் போறாங்க. பக்கத்துல ஒக்காந்து சாப்பிட மாட்டேங்கிறான். நல்லா தேச்சுக் குளிச்சிட்டு வந்தா ஒக்காருறான்.”

மூக்கையா வேதமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். வேதமுத்து தலையை ஆட்டினார்.

“சோப்பு ஒன் சொந்தச் செலவு. அது இந்த ஆய்வுல வராது.”

அன்று மாலையே அறிக்கை முன்கூடத்தில் வாசிக்கப்பட்டது. குழாயை மாற்ற ஆகும் செலவு: ரூபாய் இருநூற்றுப் பதினைந்து. மாற்றாமலிருக்க ஆகும் செலவு: இல்லை. ஆகவே மாற்றாமலிருப்பதே சிக்கனத்துக்கும் தேச நலனுக்கும் உகந்தது என்று குழு கண்டது. மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். உக்கிரபாண்டி கைதட்டினான்.

மறுநாள் காலையில் சின்னக்கருப்பன் வழக்கம்போலக் கொல்லை வாசலுக்கு வந்தார். ஆனால் வாளியைத் தொடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“பாம்பன்ல ரயிலுக்கு மீன்கூடை ஏத்துற வேலை கெடச்சிருக்குங்கய்யா. இனிமே அங்கன போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“போறியா? எப்படிலே போவ?” மூக்கையா பதறிப்போய், முதல்நாள் அறிக்கை வாசித்த களைப்பில் இரவு அங்கேயே தங்கிவிட்ட வேதமுத்துவைக் கூப்பிட்டார். “ஓவர்சியரய்யா, இவன் போறேங்கிறான்! ஏலே, அறிக்கையில கையெழுத்து ஆயிருச்சுலே! ஒன்ன வச்சுத்தான் அந்த முடிவே எடுத்திருக்கோம்!”

“எம்பேரு அதுல இருக்குங்களா அய்யா?”

வேதமுத்து அறிக்கையைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கடைசியில் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, “இல்ல,” என்றார். “செலவு இல்லைன்னு மட்டுந்தான் இருக்கு.”

“அப்பறம் என்னங்கய்யா கவலை?” என்றார் சின்னக்கருப்பன். “இல்லாத ஆளு போறதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரப் போகுது?”

அவர் வாளியை எட்டிப்பார்க்கக்கூட இல்லை. சந்து முனையில் திரும்பிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் ரயிலில் இறங்கிக் குதிரைவண்டியில் வந்து சேர்ந்தார்கள் சம்பந்தி சோணையம்மாளும் பாண்டியம்மாளும். வாடகை அறைகளில் தங்கியிருந்த யாத்திரைக்காரர்கள், அள்ள ஆளில்லாத இரண்டு நாளும் சங்கிலியை இழுத்திருந்தார்கள். மூக்கையா, “வாங்க சம்பந்தி, வாங்க” என்று கைகூப்பி வாசலில் நின்றார். சோணையம்மாள் வண்டியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். மூக்கைச் சுருக்கினாள். வைத்த காலை மறுபடி வண்டிக்குள் எடுத்துக்கொண்டாள்.

“இது என்ன சம்பந்தி வாடை?”

“ஒண்ணுமில்ல. கடக்காத்து.”

“நான் கடலப் பார்த்துட்டுத்தான் வாரேன்.” அவள் இறங்கி, யார் தடுத்தும் நிற்காமல், நேரே கொல்லைக்குப் போனாள். பள்ளத்தைப் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து மருமகளின் கையைப் பிடித்தாள். “வண்டியில ஏறு தாயி.”

“சம்பந்தி, ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான…” மூக்கையா அறிக்கையை எடுத்து நீட்டினார். “எல்லாம் ஆராய்ச்சி பண்ணித்தான் முடிவெடுத்திருக்கோம். வாசிச்சுப் பாருங்க.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது சம்பந்தி. மூக்கு இருக்கு.”

பாண்டியம்மாள் அம்மாவைப் பார்த்து அழுதாள். அய்யாவைப் பார்க்கவில்லை. சேதுலட்சுமி உள்ளே போனாள். காய்ச்சிவைத்திருந்த பிரசவ மருந்தையும், பழஞ்சேலையைக் கிழித்து மடித்துவைத்திருந்த துணிகளையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“நீ எங்கன போற?” என்றார் மூக்கையா.

“தாய்வீட்டுக்குத்தான அவ போகணும்? தாய் அங்கன இருந்தாச் சரியாப் போச்சு.”

“எப்ப வருவ?”

“அதுக்கு ஒரு குழு போடுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சம்பந்தி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போவதை அந்தச் சந்து அதுவரை பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் கூடியது. முன்கூடத்தில் உட்கார முடியாததால் தெருவில் நின்றபடியே நடந்தது. யாத்திரைக்காரர்கள் காலிசெய்துகொண்டு போயிருந்தார்கள்.

“ஆளு தேடிப் பார்த்தீகளா மச்சான்?”

“ஊரு பூராம் தேடியாச்சு. ஒரு வாளிக்கு ஒரு ரூவா தாரேன்னேன். ஒருத்தன் வரல.”

வேதமுத்து முறையாக யோசிக்கிறவர். “வாளி இருக்கு. கடல் இருக்கு. நீங்களே அள்ளிட்டா செலவே இல்லையே, மூக்கையா?”

“நானா?” மூக்கையா இரண்டடி பின்னால் போனார். “என்ன பேசுறீங்க ஓவர்சியரய்யா! எவ்வளவு குடுத்தாலும் அந்த வேலைய நான் செய்ய மாட்டேன்.”

“சும்மா ஒரு கணக்குக்குக் கேக்குறேன். அஞ்சு ரூவா?”

“மாட்டேன்.”

“நூறு?”

“ஆயிரம் ரூவாயத் தட்டுல வச்சுக் குடுத்தாலும் மாட்டேன்.”

வேதமுத்து பேனாவைத் திறந்தார். அறிக்கையில் 'இல்லை' என்றிருந்த இடத்தை அடித்தார். அடித்துவிட்டு, எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார்.

இவ்வாறாக, அந்தச் செலவு முழுமையாகப் புரிந்துகொள்ளப்பட்டது. இதில் மூக்கையாவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் ஒரு மனிதன் தொடக் கூடாத வேலை எது என்பதை அவர் ஆரம்பத்திலிருந்தே மிகச் சரியாக அறிந்திருந்தார். அறிந்துதான், மூன்று வருஷமாக அதை இன்னொருவரைச் செய்யவைத்தார்.