ஸ்ட்ரெச்சருக்கு வாங்கிய மூங்கில்

"யாரு அண்ணாச்சி, பெரியவரா?" என்று மூங்கில் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டபோதுதான், தான் என்ன கேட்டு வந்து நிற்கிறோம் என்பது செந்தில்வேலுக்கு உறைத்தது.

தென்காசியில் விடிந்ததும் விடியாததுமாக ஒருவன் இரண்டு பச்சை மூங்கிலும் கயிறும் வெள்ளைத் துணியும் கேட்டால், எதற்கென்று ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். யாருக்கு என்றுதான் கேட்பார்கள். செந்தில்வேலுக்கு இது தோன்றவே இல்லை. அவன் மண்டை முழுக்க மலை. ஞாயிற்றுக்கிழமை வனத்துறை அனுமதியோடு சிநேகிதர்கள் சேர்ந்து குற்றாலத்துக்கு மேலே காட்டுக்குள் போகிறார்கள். வழுக்காத ஷூ, அட்டை ஏறாத நீளக் காலுறை, தலையில் மாட்டும் விளக்கு, விசில் எல்லாம் வாங்கியாயிற்று. கூட்டிப்போகும் கௌரிசங்கர் மட்டும் கறாராக ஒன்று சொல்லியிருந்தான். மேலே யாருக்காவது கால் ஒடிந்தால், கம்பும் துணியும் வைத்து ஸ்ட்ரெச்சர் கட்டித் தூக்கி வரத் தெரியவேண்டும். தெரியாதவன் வீட்டிலேயே இருக்கலாம். கட்டிப் பழகத்தான் இந்த மூங்கில்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா, கட்டிப் பழகுததுக்கு," என்றான்.

கடைக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் புத்தி தடுமாறியவர்களை அவர் நிறையப் பார்த்தவர். "நீங்க வீட்டுக்குப் போங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்," என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தார்.

மற்றது என்றால் என்ன என்பது, மனைவி பள்ளிக்கூடம் கிளம்பிப்போன கையோடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. மூங்கில், கயிறு, துணியோடு பச்சைத் தென்னங்கீற்று, மண்பானை, ஒரு கட்டு ஊதுபத்தி. எல்லாம் வாசலில். வாசலுக்கு நேரே ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் செந்தில்வேலின் மாமனார் ஞானசம்பந்தம்.

அவர் லேசுப்பட்ட மாமனார் இல்லை. மகள் லோகநாயகி வீட்டை எதிர்த்துக்கொண்டு செந்தில்வேலைக் கட்டியதிலிருந்து ஏழு வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். முந்தாநாள்தான் திடீரென்று பையோடு வந்து இறங்கியிருந்தார். அவளுடைய அண்ணன் பால்வண்ணநாதன் இன்னும் சுரண்டையில் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறான். அப்பாவாவது வந்தாரே என்று லோகநாயகிக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடமெடுக்கப் புறப்படும்போதும், "அப்பா மனசு கோணாமப் பாத்துக்கிடுங்க. இப்பம் கோவிச்சிட்டுப் போனா இனி இந்த ஜென்மத்துல வரமாட்டாவ," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவர் மனசு கோணாமலிருக்க, அவர் கண்ணெதிரே பாடைச் சாமான் வந்து இறங்கியிருக்கிறது. செந்தில்வேல் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அது வந்து... பந்தல் போடுததுக்கு மாமா."

மாமனார் மூங்கிலைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். "நல்லா முத்தின மூங்கிலு," என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

இதுதான் சமயமென்று செந்தில்வேல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தென்னந்தோப்பில் போட்டுவிட்டு வந்தான். வந்து பார்த்தால் எதிர்வரிசையில் வாசலுக்கு இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களில் ஒருத்தி உள்ளே வந்து ஒப்பாரி வைத்தால் முடிந்தது கதை. கிழவரை உடனே இங்கிருந்து கிளப்பவேண்டும்.

"மாமா, சாரல் நல்லா விழுது. குற்றாலத்துல ஒரு குளி போட்டுட்டு வருவமா?"

மாமனார் மறுபேச்சில்லாமல் பைக்கில் ஏறிக்கொண்டார். செந்தில்வேல் வீட்டைப் பூட்டினான்.

அருவிக்கரையில் மாமனார் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் உடம்பைக் கொடுத்துவிட்டுச் சுகமாகக் கண்ணை மூடினார். செந்தில்வேலின் போன் அடித்தது. பேசியவர் ஆபீஸ் மேனேஜர். காரியமெல்லாம் முடிந்தபிறகு வந்தால் போதுமென்றார். யாரும் சாகவில்லை என்று இவன் சொல்லச் சொல்ல, அடக்கி வைக்காதீர்கள், அழுதுவிடுங்கள் என்று அவரே அழுதார். அடுத்தது கௌரிசங்கர். போகிற வழியில் அம்மன் கோயில் இருக்கிறது, தீட்டோடு மலையேறக் கூடாது, அதனால் உன் பேரை எடுத்துவிட்டேன் என்றான். ஷூவும் காலுறையும் விசிலும் போயே போயிற்று. அதைக்கூட இவன் தாங்கிக்கொள்வான். தென்காசி தாண்டி இந்தச் செய்தி சுரண்டைக்குப் போனால் என்ன ஆவது?

தலையைத் துவட்டவும் விடாமல் கிழவரைக் கிளப்பிக்கொண்டு பறந்து வந்தான். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கவேண்டுமென்று அவர் தெருமுனையில் இறங்கிக்கொண்டார். இவன் மட்டும் வீட்டெதிரே போய் நின்றான். நின்றவனுக்குப் பகீரென்றது.

வாசலில் சாமியானா. கீழே வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி. எதிர்வீட்டு முகம்மது யூசுப் யாரும் சொல்லாமலே எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். வீடு பூட்டியிருக்கிறது, மூங்கிலைக் காணோம், கிழவரையும் காணோம். ஆகவே எடுத்தாயிற்று என்று கூட்டம் முடிவுகட்டியிருந்தது. மருமகன் சொட்டச் சொட்ட ஈரத்தலையோடு வந்து நிற்கவே, இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, பெண்டாட்டி அழுதுகொண்டே பின்னால் வர, ஒருவன் ஓடிவந்து செந்தில்வேலைக் கட்டிப்பிடித்தான். பால்வண்ணநாதன்.

"எம்மேல கோவம்னா என்னைய அடிச்சிருக்கலாம்லா மச்சான். எங்கப்பா மொகத்தைக்கூடக் காட்டாம எடுத்திட்டீரே."

செந்தில்வேல் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, சீக்கிரம் வா என்று யாரோ சொன்னதால் பதறிக்கொண்டு லோகநாயகி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஏழு வருஷமாகப் பார்க்காத அண்ணன் தன் வாசலில் நிற்கிறான். ஓடிப்போய் அவன் தோளில் விழுந்து அழுதாள். அப்பா போன துக்கத்தில் அவன் அழுதான், அண்ணன் வந்த சந்தோஷத்தில் அவள் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கிழவர் சிப்ஸைக் கடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தார்.

நாலைந்து நாற்காலிகள் கவிழ்ந்தன. யூசுப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். பால்வண்ணநாதனின் அழுகை பாதியில் நின்றது, வாய் மூடவில்லை.

"என்னலே, பேயைப் பாத்தவன் மாதிரி நிக்கே? உள்ள வா," என்று மகனின் கையைப் பிடித்தார் கிழவர். அந்தக் கை சூடாக இருந்ததா என்று பார்ப்பதிலேயே கவனமாக இருந்த பால்வண்ணநாதன், தங்கை வீட்டுப் படி ஏறியதைக் கவனிக்கவில்லை. லோகநாயகி அவனுக்கு இலை போட்டாள். அவன் சாப்பிடவும் செய்தான்.

செந்தில்வேலுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாடை கட்டச் சாமான் வாங்கிய மருமகனை இனி கிழவர் என்ன செய்வாரோ. காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவதென்று கொல்லைப்பக்கம் தேடிப்போனான். அங்கே பால்வண்ணநாதனின் மனைவி சங்கரேஸ்வரி, கிழவரிடம் காபியை நீட்டிக்கொண்டு ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க செத்துப்போனதா அவுககிட்டச் சொல்லச் சொல்லிக் காலையில நீங்களே போன் போட்டீய, நானும் அழுது பொரண்டு கூட்டியாந்துட்டேன், இப்பமாவது கொஞ்சம் சிரிச்சுக்கிடட்டுமா?"