அந்தரங்கம் காத்த சீமை

மழைக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்குப் பஞ்சமில்லை, பதிலுக்கு மட்டும் பஞ்சம் என்றொரு சீமை இருந்தது. கண்ணாடிச் சீமை என்று அதற்குப் பெயர். அங்கே ஒரு கம்பெனி வீட்டுக்கு வீடு நிலைக்கண்ணாடியை இலவசமாகக் கொடுத்திருந்தது. சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல ஜனங்களுக்கு என்ன பைத்தியமா? அந்தக் கண்ணாடி முகத்தைக் காட்டும். காட்டியதோடு நில்லாமல், பார்த்ததையெல்லாம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். எந்த வீட்டில் யார் அழுதார்கள், யார் மன்னரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் கம்பெனிக்கு அத்துப்படி.

புகார்கள் பெருகவே, ஜனங்களின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவர மன்னர் திருவுளம் கொண்டார். சட்டத்தை எழுதித் தரும் பொறுப்பைக் கண்ணாடிக் கம்பெனியிடமே ஒப்படைத்தார். ஜனங்களைப் பற்றி அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

கம்பெனியின் அந்தரங்கப் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் புகழேந்திரர் அந்த வேலையை, கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வந்திருந்த சட்ட மாணவி கனகவல்லியின் தலையில் கட்டினார். கனகவல்லி அப்பா இல்லாத பெண். அண்ணன் கறுப்பையா ஆற்றில் பரிசல் ஓட்டி அவளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தான். பயிற்சிக்குக் கிளம்பிய அன்று அவன் சொன்னான்: "நம்ம வீட்டுச் சங்கதி நாலு பேரு வாயில விழாம இருக்க ஏதாச்சும் வழி பண்ணு பாப்பா. அம்மா அழுதாக்கூட மறுநாள் கடைக்காரன் என்ன விசேஷம்னு கேக்குறான்."

அதை மனதில் வைத்துத்தான் அவள் எழுதினாள். 'ஒருவரைப் பற்றிய செய்தியை அவருடைய சம்மதமின்றி எவருக்கும் சொல்லக் கூடாது. பொதுமக்கள் அறிந்தே ஆகவேண்டியவை தவிர.'

புகழேந்திரர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"அற்புதம், மகளே. ஆனால் கடைசியில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறாயே. அதன் வழியாக யார் யாரோ எட்டிப் பார்ப்பார்களே. அந்தரங்கத்தில் அரைகுறை என்று ஒன்று உண்டா?"

"ஐயா, ஜனங்கள் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க ஒரு வழி வேண்டாமா?"

"தாராளமாகக் கேட்கட்டும். கேட்பதை நாம் தடுக்கவில்லையே."

"நம் கம்பெனி அரசாங்கத்துக்குச் சொல்வது?"

"அது சொல்வதில் சேராது. ஒரே வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஊருக்குச் சொன்னதாக யாராவது சொல்வார்களா?"

பெரிய மனிதர், அனுபவசாலி. போதாததற்குப் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர். கனகவல்லி பின்பாதியைத் தன் பேனாவாலேயே அடித்தாள். அவளை யாரும் மிரட்டவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மன்னரின் முத்திரையோடு சட்டம் வந்தது. வெடி வெடித்தார்கள். "யாரு செஞ்ச புண்ணியமோ!" என்று கறுப்பையாவே மெச்சினான். தன் பெயர் எங்கும் இல்லாததால், நான்தான் எழுதினேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அதன்பின் சட்டம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. அமைச்சர்களின் சொத்து, அமைச்சர்களின் அந்தரங்கம் ஆயிற்று. ஏரிக்கரையைக் கட்டிய காண்டிராக்டர் யார் என்பது காண்டிராக்டரின் அந்தரங்கம் ஆயிற்று. தேர்தல் வந்தது. வாக்கு ரகசியமானது என்பதால், யாருக்கு எத்தனை வாக்கு என்று வெளியிடாமல், மன்னர் வென்றார் என்பதை மட்டும் வெளியிட்டார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் வந்து சட்டத்தின் நகலை வாங்கிப் போனார்கள். எந்த நாட்டார் என்று கேட்காதீர்கள். அது அந்தந்த நாட்டின் அந்தரங்கம்.

ஐப்பசியில் ஏரிக்கரை உடைந்தது. கறுப்பையா பரிசலை எடுத்துக்கொண்டு போய்ப் பிணம் பிணமாகக் கரை சேர்த்தான். எத்தனை பேர் செத்தார்கள் என்று சபையில் ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டார். அமைச்சர் எழுந்து குரல் தழுதழுக்கப் பதில் சொன்னார்:

"மரணத்தைவிட அந்தரங்கமானது எது? மாண்டவர்களை எண்ணுவதற்கு மாண்டவர்கள் சம்மதம் தரவில்லை. அவர்களை அவமதிக்க இந்த அரசு ஒருபோதும் துணைபோகாது."

சபை மேசையைத் தட்டியது. எண்ணிக்கை இல்லாததால் நிவாரணமும் இல்லை; யாருமே சாகாத வெள்ளத்துக்கு எதற்கு நிவாரணம்?

கறுப்பையாவுக்குப் பொறுக்கவில்லை. சந்தைக்குப் போய், தான் தூக்கிய ஒவ்வொருவரின் பெயரையும் உரக்கச் சொன்னான். "இவங்கல்லாம் செத்துட்டாங்க. நான்தான் தூக்குனேன். இல்லைன்னு எவனாச்சும் சொல்லுங்கடா!" பாதிப் பெயர்கள் சொல்லி முடிப்பதற்குள் காவலர்கள் அவனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இறந்தவர்களின் அந்தரங்கத்தைக் குலைத்தது குற்றம்.

கனகவல்லி காவல் மாளிகைக்கு ஓடினாள். அதிகாரி எழுந்து நின்று வணங்கி வரவேற்றார். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை.

"எங்கண்ணன் கறுப்பையாவைப் பார்க்கணும்."

"அவர் இங்கே இருக்கிறாரா என்பது அவருடைய அந்தரங்கம், அம்மா."

"நான் கூடப்பிறந்தவள்."

"அது தங்கள் குடும்ப விஷயம். அதையெல்லாம் எங்களிடம் சொல்லத் தேவையில்லை."

"என்ன குற்றம்னாவது சொல்லுங்க. எங்கே வச்சிருக்கீங்க?"

"சொல்லலாமே. அவர் சம்மதித்தால் உடனே சொல்லிவிடலாம்."

"சரி, அவரைக் கேட்டுட்டு வரேன். எங்கே இருக்கார்?"

"அதைத்தான் சொல்வதற்கில்லை என்றேன்." அதிகாரியின் முகத்தில் கேலி துளியும் இல்லை. அவர் மெய்யாகவே வருந்தினார்.

"உயிரோட இருக்காரா? அதை மட்டும் சொல்லுங்க."

"மன்னிக்க வேண்டும். அதைவிட அந்தரங்கமான கேள்வி இல்லை."

அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். "இந்தச் சட்டத்தை எழுதினவளே நான்தான்! இதுக்காக எழுதலை. ஜனங்க அறியவேண்டியவை தவிரன்னு போட்டிருந்தேன்! நான்தான் அடிச்சேன்!"

"பதறாதீர்கள். சட்டத்தை எழுதியவர் யார் என்பது எழுதியவரின் அந்தரங்கம். அதை நாங்கள் கேட்கவும் கூடாது, தாங்கள் சொல்லவும் கூடாது."

வெளியே வந்தபோது அந்த வாசலில் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். யாரைத் தேடி வந்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் பயம்.

அம்மா தெருமுனைக்கே வந்து காத்திருந்தாள்.

"என்னடி சொன்னாங்க? எம்புள்ள இருக்கானா?"

"சொல்ல மாட்டேங்குறாங்கம்மா. சட்டமாம்."

"பெத்தவளுக்குச் சொல்லக் கூடாதுன்னு ஒரு சட்டமா?" அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "எந்தப் பாவி எழுதுனானோ, அவன் கை வெளங்காமப் போவ! அவன் வீட்டுலயும் ஒருத்தன் இப்படிக் காணாமப் போவட்டும், அப்பத் தெரியும்!"

கனகவல்லி தலை நிமிரவில்லை. தூற்றிய மண் அவள் கூந்தலிலும் விழுந்திருந்தது.

"எழுதுனவன் எவன்னாச்சும் கேட்டியா?"

"கேட்டேம்மா," என்றாள் கனகவல்லி. "அதையும் சொல்லக் கூடாதாம்."