தோய்க்காத சட்டை கேட்ட பெறாமகளுக்கு

நாரந்தனை
14.09.2003

அன்புள்ள பெறாமகள் மேரிசுகந்திக்கு,

பெரியம்மா மேரிஜோசப்பின் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீர் முழங்கால் உட்படச் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நோர்வேயிலிருந்து நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை இரண்டு, சிவப்பு மையால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். இரத்தம் குடிக்கிற நுளம்பின் உணர்கொம்புக்குள் புரதங்கள் இருக்கின்றனவென்றும், அவை எங்கள் உடம்பு மணத்தைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கின்றனவென்றும், அப்படித்தான் நுளம்பு ஆளைத் தெரிந்தெடுக்கிறதென்றும் எழுதியது நன்றாக விளங்கியது. நுளம்பு தொடாத மனுஷி நான் என்பதை மறக்காமல் என் சட்டையைக் கேட்டது சந்தோஷம். நீர் லீவுக்கு வந்து நின்ற காலத்தில் பின்னேரம் செபமாலை சொல்லும்போது பெரியப்பா ஒரு 'அருள் நிறைந்த மரியே'க்கு மூன்று அடி காலில் அடிப்பார். நான் அசையாமல் இருப்பேன். "கொன்வென்ற் சிஸ்டர்மார் நுளம்புக்கும் படிப்பிச்சவையோ? உம்மைக் கண்டால் விலத்திப் போகுது" என்று பகிடி பண்ணுவார். நீர் சிரித்துச் சிரித்துச் செபத்தைக் குழப்புவீர். போய்க் குளியும், கடியாது என்று நான் அவருக்குச் சொல்வேன். கடலுக்குப் போய்வந்த மனிதர்; எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் அந்த மணம் போகாது.

அவரையே குளிக்கச் சொல்லி வந்த வீட்டிலிருந்து உடுத்த சட்டையை அப்படியே அனுப்புவதெப்படி? முன்பு அனுப்பிய முதற் சட்டையை அவித்து, கஞ்சி போட்டு, மினுக்கி, நடுவில் நாலு பூச்சி உருண்டையும் வைத்தது உண்மை. அதை வைத்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் நுளம்பெல்லாம் மூலைக்கு ஓடிவிட்டனவென்று கவலையாக எழுதியிருந்தீர். கவலைப்பட என்ன இருக்கிறது? ஆள் யாரென்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் தோய்க்காத சட்டை வராவிட்டால் உமது படிப்பு ஒரு வருடம் பின்தள்ளிப் போகும் என்றீர். அதற்காக இரண்டாவது சட்டையை இரண்டு நாள் கழற்றாமல் போட்டு, பிறகு பார்சல் கட்டித் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். படிவம் நிரப்பிய தம்பிஐயா என்ன சாமான் என்றார். சட்டை என்றேன்.

"புதுசோ அக்கா, பாவிச்சதோ?"

"பாவிச்சது."

"தோய்ச்சதோ?"

பின்னால் நின்ற அயல்வீட்டு மாக்கிறேற் கழுத்தை நீட்டினாள். அவளுடைய பிள்ளைகளின் அழுக்குக் கொலரைப் பற்றி நான் முப்பது வருடம் சொல்லி வந்திருக்கிறேன். தோய்ச்சதுதான் என்றேன். சொன்னது பொய்யாகக் கூடாதென்று பார்சலைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து தோய்த்தேன். அதைத்தான் இப்போது அனுப்புகிறேன்.

ஆகையால் முடிவாக எழுதுகிறேன்: இந்த வீட்டில் தோய்க்காத துணி கிடையாது. வேறு ஆளைப் பாரும். குளிருக்குக் காதை மூடும். ஞாயிறு பூசையை விடவேண்டாம். ஆண்டவர் உமக்குத் துணையிருப்பாராக.

அன்புப் பெரியம்மா,
மேரிஜோசப்பின் இராயப்பு

பி.கு.: விஞ்ஞானத்துக்குப் பொய் எழுதக்கூடாது. பெரியப்பா மோட்சம் போன இந்த ஐந்து வருடமாய் நுளம்பு என்னைத்தான் கடிக்கிறது, கைகாலெல்லாம் தடிப்பு. அவர் பக்கத்திலிருந்தபடியால்தான் அவை என்னை விட்டிருக்கின்றன. அது தெரியாமல் அவரைக் குளிக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தேன். தோய்க்காத துணி ஒன்று இருக்கிறது. அவர் கடைசியாகக் கழற்றிப் போட்ட சேட். அலுமாரியில் மேல்தட்டில், அந்தத் தட்டில் பூச்சி உருண்டை வைப்பதில்லை. அதை அனுப்ப ஏலாது. உமது நுளம்புகளைக் கூட்டிக்கொண்டு நீர் இங்கே வாரும்.