வீசாத வாள்களின் சொந்தக்காரர்

மனிதர்களில் ‘முதலில் வாங்கிவிடுவோம்’ என்றொரு இனம் உண்டு. காவிரிக் கரையிலும் வளரும், கோழிப்பண்ணைக்கு நடுவிலும் வளரும், தண்ணீரே தேவையில்லை. நீச்சல் பழகலாமா என்று யோசிக்கும்போதே கண்ணாடியும் தொப்பியும் வாங்கி, அவற்றை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று, படம் எடுத்து உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, ஆற்றில் இறங்குவதை மட்டும் அடுத்த கோடைக்குத் தள்ளிவைப்பவர்கள் இவர்கள். பொருள் வீட்டுக்கு வந்துவிட்டால் பாதி கற்றாயிற்று என்பது அவர்கள் எண்ணம். மீதிப் பாதி? அதற்கு முதலில் ஒரு நல்ல உறை வாங்க வேண்டுமே!

இந்த இனத்தின் உச்சத்தைப் பார்க்க ஆசையிருந்தால் நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் குணசீலனைப் போய்ப் பாருங்கள். கிளட்ச் பிளேட் கேட்டால் கொடுப்பார். கூடவே ஜப்பானிய வாளைப் பற்றி ஒரு சொற்பொழிவும் கொடுப்பார். பிளேட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், சொற்பொழிவைத் திருப்ப முடியாது.

சேலம் அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில், அங்கமுத்து மாஸ்டர் என்பவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாள் கலையைச் சொல்லித்தருகிறார். பயப்படாதீர்கள், அங்கே யாரும் யாரையும் வெட்டுவதில்லை. அடிப்படைப் பழக்கமெல்லாம் மரவாளில்தான். அதற்குப் பொக்கென் என்று பெயர். எதிராளியை அடித்துப் பழக, நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோலால் கட்டிய ஷினாய். உறையிலிருந்து உருவிப் பழக, கூரே இல்லாத உலோக வாள். தோளுக்கு வலுவேற்ற, உலக்கைக்குத் தம்பி மாதிரி ஒரு தடித்த மரவாள். இவ்வளவையும் மாஸ்டர் முதல் வகுப்பில் சும்மா தகவலுக்காகச் சொன்னார். “ஆரம்பத்துக்கு ஒரு மரவாள் போதுமுங்க” என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் வருவதற்குள் குணசீலன் போனில் எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டு முடித்திருந்தார்.

பார்சல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, சந்தனப் பொட்டு வைத்து, புது லாரியை வரவேற்பது போல வரவேற்றார். வெளிநாட்டு வாளுக்குச் சாதாரணத் துணியுறை மரியாதையாகாது என்று அம்மாபேட்டைத் தறியில் சொல்லிவைத்துப் பட்டில் உறை நெய்து வாங்கினார். அவர் கல்யாணத்துக்குக்கூட அவர் இடுப்பில் இருந்தது பாதிப் பட்டுதான். மூங்கில் வாளுக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவினார். மறுநாள் அந்த வாளை முதன்முதலாகப் பயன்படுத்தியவை எறும்புகள்.

வீட்டின் கிழக்கு அறை வாள்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. சுவரில் தாங்கிகள், மேலே விளக்கு, தரையில் பாய். எல்லாம் இருந்தது. வீச்சு மட்டும்தான் இல்லை. ஏன் வீசவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். ஆடி மாதத்தில் புது வாளை எடுக்கக்கூடாது. ஆவணியில் முகூர்த்தம் அதிகம், கடையில் ஆளில்லை. புரட்டாசியில் ஆயுத பூஜை வருகிறது, அதற்குமுன் தொடுவானேன்? வகுப்புக்குப் போனாலும் மாஸ்டரின் பழைய வாளைத்தான் இரவல் வாங்கி, நாலு வீச்சு வீசிவிட்டு, மீதி நேரத்தில் மற்றவர்களை வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். தன்னுடையது? அதற்கு வெயில் ஆகாதாம்.

இங்கேதான் ஒரு விபரீதம் நடந்தது. மரவாளின் பிடியில் எதையும் பூசாமல் வெறும் மரமாக விட வேண்டும், அப்போதுதான் வியர்வையை உறிஞ்சிக் கையில் நிற்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் லாரிக்குப் பாடி கட்டும் ஊரில் பிறந்தவர் வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வர்ணம் அடிக்காத மரம் எங்கள் பக்கத்தில் பாதி வேலையில் நின்றுபோன மரம். தெரிந்த பெயிண்டரிடம் கொண்டுபோனார். நுனியிலிருந்து பிடிவரைக்கும் கருஞ்சிவப்பு, அதன்மேல் மஞ்சளில் கொடியும் தாமரையும், பிடியில் ‘குணசீலன்’ என்று நிழல் விழும் எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். வீசிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவர்தான் உறையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாரே!

குணசீலனின் மனைவி சௌந்தர்யா ஜாக்கெட்டுக்கு ஆரிப் பூவேலை செய்பவள். நடு ஹாலில் துணியை இழுத்துக் கட்டும், ஆடுகிற பழைய சட்டத்தைப் போட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில், போகிறவர் வருகிறவர் காலிடறும் இடத்தில் உட்கார்ந்துகொண்டே அந்த வட்டாரத்துக் கல்யாணப் பெண்கள் பாதிப் பேருக்கு மயிலும் மாங்காயும் தைத்துக் கொடுத்தவள். அவளுக்குக் கிழக்கு அறை வேண்டியிருந்தது.

“ஏனுங்க, அந்த ரூம எனக்குக் குடுங்க. குச்சிகளப் பரண்ல போட்டுக்கலாம்.”

“குச்சியா? சௌந்தர்யா, அது வாளு!”

“வாளுன்னா வீசோணுமுங்க. வீசாத வரைக்கும் குச்சிதானுங்க.”

குணசீலனுக்கு முகம் சுருங்கியது. அப்போது வந்து வாய்த்தான் சௌந்தர்யாவின் தம்பி தமிழரசு. அவனுடைய மகளுக்கு ஜேடர்பாளையத்துக் காவிரி அணையோரத்து மண்டபத்தில் காதுகுத்து. “மச்சான், நம்ம விசேஷத்துல நீங்க ஒருக்கா வீசிக் காட்டுங்க. சனங்களும் பாத்த மாதிரி இருக்கும்” என்றான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதனால்தான் நான் அவனைச் சந்தேகப்படுகிறேன்.

சௌந்தர்யா விடுவாளா? “நல்லதாப் போச்சுங்க. சனங்க முன்னாடி, வாளக் கைய உட்டு உடாம வீசிக் காட்டுங்க. ரூமு உங்களுக்கே. இல்லீன்னா எனக்கு.”

“இவ்வளவுதானா?” என்றார் குணசீலன். மாஸ்டர் வீசும் வீடியோ அவர் போனில் மணிக்கணக்காக இருந்தது. பார்த்த வித்தை கைக்கு வராமலா போகும்?

காதுகுத்து நாளில், தாய்மாமன் சீர் இறங்கி, குழந்தை அழுது முடித்த கையோடு, தமிழரசு மைக்கைப் பிடித்தான். ஜப்பானிலிருந்தே விமானத்தில் வந்து இறங்கியவரைப் போலத் தன் மச்சானை அறிமுகம் செய்தான். குணசீலன் கறுப்புப் பாவாடை மாதிரி ஒரு உடையில் மேடையேறி, பட்டு உறையின் முடிச்சை அவிழ்ப்பதற்கே பாதிக் கூட்டத்துக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வாள் வெளியே வந்தது. தாமரை மின்னியது. “ஏ சாமி, பாடி கட்டுன லாரியாட்டம் இருக்குது!” என்று ஒரு பெரியவர் வியந்தார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஐப்பசிப் புழுக்கம். அணைத் தண்ணீருக்குப் பக்கத்து மண்டபம். மேலே விளக்குச் சூடு. குணசீலனின் உள்ளங்கை ஊற்றாகச் சுரந்துகொண்டிருந்தது. வாளைத் தலைக்குமேல் தூக்கினார். வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தினார். காது குத்திய குழந்தை மறுபடி அழுதது. வீசினார்.

கை வந்தது. வாள் வரவில்லை.

அது போன போக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேடைப் பூச்சரத்தைக் கிள்ளி, மின்விசிறிக்கு வழிவிட்டு, சீர்வரிசைத் தட்டுகளை மேலாக நின்று பார்வையிட்டு, அணைக்கட்டில் மீன் பார்த்துக்கொண்டிருந்த கொக்கெல்லாம் தலை திருப்பும்படி விர்ரென்று சமையற்கட்டுக்குள் நுழைந்து, ரச அண்டாவில் செங்குத்தாக இறங்கி நின்றது. ரசம் கூரைவரை எழுந்து, கொத்தமல்லியோடு திரும்பி வந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சமையல்காரர் மட்டும் நனைந்துபோய் வெளியே வந்து, “ஏனுங்க, இது ரசக் கரண்டிங்களா, சாம்பார்க் கரண்டிங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

வேறு ஆளாயிருந்தால் அங்கேயே ஆற்றில் குதித்திருப்பார். குணசீலனோ காலிக் கையை இரண்டு விநாடி அப்படியே நீட்டிவைத்திருந்து, மெல்ல இறக்கி, தலைகுனிந்து வணங்கினார். மைக்கை வாங்கினார்.

“பாத்தீங்களா? வாளப் புடிக்கிறது ஆரம்பப் பாடம். வாள உடறதுதான் கடைசிப் பாடம். அதுக்கு ஜப்பான்ல ஆயுசு பூரா பழகறாங்க.”

கூட்டம் கைதட்டியது. சத்தியமாகத் தட்டியது! ஒருவர் எழுந்துவந்து துண்டு போர்த்தினார்.

“உட்டது செரிங்க மச்சான். ரசத்துல இருந்து எடுக்கற பாடம் எப்பங்க?” என்றான் தமிழரசு.

சௌந்தர்யா மட்டும் தட்டவில்லை. மேடைக்குக் கீழே வந்து கையை நீட்டினாள். “சாவி.”

“கீழ உழுகலியே! ரசத்துலதான உழுந்துச்சு?”

“கைய உட்டுப் போச்சுங்களே. சாவியக் குடுங்க.”

கொடுத்தார். வாள்கள் பரணுக்கு ஏறின. சபாஷ் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொன்னேன். தைக்கத் தெரிந்தவளுக்கு அறை கிடைத்தது, உலகத்தில் நியாயம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். பழைய சட்டம் போய் மடக்கும் சட்டம் வந்திருக்கிறது. நூல்கண்டுகள் வண்ணவாரியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள். பாசிமணிகள் மூடி திறக்காத சீசாக்களில். ஊசிகளுக்கு வெல்வெட் பெட்டி. சட்டத்தின்மேல் தூசு படாமல் ஒரு பாலிதீன் உறை. பக்கத்து வீட்டு வசந்தாமணி தன் ஜாக்கெட்டைக் கேட்டு வாசலில் நின்றாள்.

“இன்னும் ஆரம்பிக்கலீங்கக்கா. வட்ட லைட்டு ஒண்ணு வர வேண்டியிருக்குது. ஏசி போட்டாத்தான் நூலு சுருளாதாம். தை பொறக்கட்டுமுங்க” என்றாள் சௌந்தர்யா. ஹாலில் இருந்தவரைக்கும் வாரத்துக்கு ரெண்டு ஜாக்கெட் முடித்தவள்!

“அந்தச் சட்டத்துக்கு ஒரு பட்டு உறை நெய்யச் சொல்லட்டுமா?” என்று உள்ளிருந்து குணசீலன் குரல் கேட்டது. இப்போது அந்த வீட்டில் சண்டையே கிடையாது. இருவரும் ஒரே போனில் தலையோடு தலை சேர்த்துப் பொருள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் அலமாரியின் மேல்தட்டில், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் ஒன்று படுத்திருக்கிறதே, நல்ல நாளுக்காகக் காத்துக்கொண்டு? இல்லையா? எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை, இந்த வரியிலேயே நிற்கிறேன்.